மாமா சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்வதற்காக நான் ஒருமுறை வேலூர் கோர்ட்டில் கூண்டேறி நின்றேன். பள்ளிக்கூடத்தில் தினமும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அன்று நான் சொல்லப்போகிற பதிலை வைத்து, என் அக்காவின் கணவர் வீட்டுக்கு வருவதா ஜெயிலுக்குப் போவதா என்று முடிவாக இருந்தது. 

அப்போது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஆம்பூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் சேரியில் மெட்ரிகுலேஷன் தேறிய முதல் ஆள் நான்தான். அப்பா அம்மா சிறுவயதிலேயே போய்விட்டார்கள். அக்காவும் மாமாவும்தான் என்னை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். மாமா பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். ஷாப்பு என்றால் கடையல்ல. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறி வெளியே வந்த ஈரத்தோலைக் கல்மேசையில் விரித்து, மரப்பிடி போட்ட மழுங்கல் இரும்புத் தகட்டால் அழுத்தித் தள்ளி, சுருக்கமில்லாமல் நீவி எடுப்பது அவர் வேலை. அதனால் அவர் தோள்கள் இரண்டும் கல் மாதிரி இருக்கும். பேச்சு கம்மி. கோபம் வந்தால் இன்னும் கம்மியாகிவிடும்.

அந்த வருஷம் மதராசிலிருந்து ஒரு ஏஜெண்டு துரை ஷாப்புக்கு வந்திருந்தான். லண்டனுக்குப் போகிற சரக்கைக் கூடவே இருந்து பார்த்து அனுப்புவதற்காக முதலாளி அழைத்துவந்த ஆள். சின்ன வயசு. அதுவரை துணி ஏற்றுமதியில் இருந்தவன். தோல் அவனுக்குப் புதிது, தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆட்கள் சொல்வதை, ஷாப்பில் கணக்கெழுதும் ரைட்டர்தான் அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவார். மாமாவுக்கு அதில் ஒரு மனக்குறை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்: "அந்த ரைட்டர்கிட்ட நாம ஒண்ணு சொன்னா, அவன் தொரைகிட்ட வேற ஒண்ணு சொல்றான் மச்சான். நாம கோவமா சொன்னா, அவன் கும்பிடு போட்டுச் சொல்றான். தொரை சிரிச்சிக்கினு போய்டறான்."

"நீங்களே சொல்லிடுங்க மாமா."

"அதுக்குத்தான் கேக்கறேன். இனிமே வேலைக்கு வரமாட்டோம், எல்லாரும் கையக் கட்டிக்கினு உக்காந்துடுவோம்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா வார்த்தை?"

"ஸ்டிரைக்."

அவர் அதை வாயில் போட்டு இரண்டு மூன்று தடவை புரட்டிப் பார்த்தார். நான் வாத்தியார் புத்தியில் சும்மா இருக்காமல், அதே வார்த்தைக்கு அடிப்பது என்றும் அர்த்தம் உண்டு, மணி அடித்தாலும் ஸ்டிரைக்தான், தீக்குச்சி கிழித்தாலும் ஸ்டிரைக்தான் என்றேன்.

அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "நம்ம 'அடி' மாதிரின்னு சொல்லு. மணி அடிக்குது, வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, புருஷன் பொண்டாட்டிய அடிக்கறான்."

"நான் எப்பம்மே அடிச்சேன்?" என்றார் மாமா. மூன்று பேரும் சிரித்தோம். கை கழுவப் போகும்போது, நாளைக்கு என்பதற்கு என்ன என்று கேட்டார். டுமாரோ என்றேன். அவ்வளவுதான் பாடம்.

அடுத்த மாதமே ஷாப்பில் ஒரு சாவு நடந்தது.

கப்பல் புறப்படும் நாள் நெருங்கியதால் ஷாப்பில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கினார்கள். முடி நீக்குவதற்காகத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் நின்று ஈரத்தோலைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்த ஒரு இளைஞன், போன தை மாதம்தான் கல்யாணம் ஆனவன், கால் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தான். தலை முங்கிப்போனது. மாமாதான் முதலில் குதித்து அவனைத் தூக்கினார். கண்ணும் வாயும் நெஞ்சும் வெந்துபோயிருந்தன. மறுநாள் காலையில் செத்துப்போனான். மாமாவின் கால்கள் முழங்கால்வரை தோல் உரிந்து சிவந்து கிடந்தன. அக்கா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டதைப் பொறுத்துக்கொண்டு, அப்படியே எழுந்து வேலைக்குப் போனார்.

அடக்கத்துக்குப் போக வேண்டும், அரைநாள் விடுங்கள் என்று ஆட்கள் கேட்டார்கள். துரை முடியாது என்றான். சுண்ணாம்பில் ஊறும் தோலைக் குறித்த நேரத்தில் எடுக்காவிட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான், மாமாவுக்கும் அது தெரியும். பாதிப் பேரையாவது விடுங்கள், மீதிப் பேர் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ரைட்டரிடம் சொன்னார்கள். ரைட்டர் போய் என்ன சொன்னாரோ, துரை முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தான்.

அவன் கல்மேசையைக் கடந்தபோது மாமா நிமிர்ந்தார். வலது கையில் இரும்புத் தகடு. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். "டுமாரோ ஸ்டிரைக், சார்" என்றார்.

துரையின் முகம் வெளுத்துவிட்டது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவன் ஓடவில்லை; பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து ஆபீசுக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சற்றுநேரத்தில் போலீஸ் வந்தது. இரும்பை ஓங்கி, உன்னை அடிப்பேன் என்று மிரட்டியதாகப் புகார். மாமாவை அந்தத் தகட்டோடு சேர்த்துப் பிடித்துப் போனார்கள்.

எனக்குச் சேதி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். ஸ்டேஷனுக்கு ஓடினேன். வாசலில் ஷாப்பு ஆட்கள் கூடியிருந்தார்கள். அடக்கத்துக்குப் போயிருக்க வேண்டியவர்கள். ஒரு போலீஸ்காரன் தடியைக் குறுக்கே பிடித்து அவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். யாராவது ஒரு கல்லைத் தூக்கினால் அன்று அங்கே இன்னொரு சாவு விழுந்திருக்கும். "வாத்தியாரு வந்துட்டான், வழி விடுங்கடா" என்று ஒருவர் கத்தினார். நான் உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் பேசினேன். அவர் முதலில் என் சட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் மட்டும் பேசவிட்டார்.

மாமா லாக்கப்பில் சுவரோரம் நின்றிருந்தார். புண்ணான கால் வலித்ததால் உட்கார முடியவில்லை.

"இன்னா சொன்னீங்க மாமா? அப்படியே சொல்லுங்க."

"நீ சொல்லிக்குடுத்ததுதான். டுமாரோ ஸ்டிரைக், சார்."

"இரும்ப ஓங்கினீங்களா?"

"கைல இருந்துச்சு. ஓங்கல."

அவர் கம்பியருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "வெளிய நிக்கறவங்கள முதல்ல அடக்கத்துக்குப் போகச் சொல்லு. பொணம் காத்துக்கினு இருக்குது. என்னப் பத்தி அப்பறம் பாக்கலாம்."

நான் வெளியே வந்து அதைச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மறுநாள் ஷாப்பில் ஒரு ஆளும் வேலைக்குப் போகவில்லை. மாமா சொன்ன ஸ்டிரைக் அவர் இல்லாமலே தொடங்கிவிட்டது. வழக்கு அதனால் இன்னும் முற்றியது. மிரட்டிவிட்டு ஊரையே தூண்டிவிட்டான் என்று பேச்சு எழுந்தது. ஜாமீன் கிடைக்கவில்லை.

அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவரு வாயில அந்த வார்த்தைய நீதான் போட்ட. நீயே எடுத்துக் குடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலூரில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். வயதானவர், நிதானமானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வார்த்தையை நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்கன்னு நீங்களே சாட்சி சொல்லணும். வேற வழியில்ல" என்றார். ஊர் திரும்பியதும் பள்ளிக்கூட மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"உன் மாமாவுக்காக ஜெபம் பண்ணலாம், தப்பில்ல. கோர்ட்டுல ஏறிக் கூலிக்காரங்க பக்கம் பேசறது வேற விஷயம். முதலாளிமார் தயவுலதான் இந்தக் கட்டடமே நிக்குது. லீவு கேட்காதே, தர முடியாது" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். 

விசாரணைக்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் பள்ளிக்கூட லைப்ரரிக்குப் போனேன். அங்கே தலையணை அளவில் ஒரு இங்கிலீஷ் அகராதி இருந்தது. அந்த வார்த்தையைத் திறந்தேன். மாமாவுக்கு நான் சொன்ன அர்த்தம் நாலு. அதில் பக்கம் பக்கமாக ஓடியது. மணி, தீக்குச்சி, நாணயத்தில் முத்திரை குத்துவது, கூடாரத்தைப் பிரிப்பது, செடி வேர் பிடிப்பது, பாம்பு கொத்துவது, ஒரு எண்ணம் சட்டென்று தோன்றுவது எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை.

வேலைநிறுத்தம் என்ற அர்த்தம் கப்பலிலிருந்து வந்ததாம். பாயை இறக்குவதற்கு மாலுமிகள் அந்த வார்த்தையைத்தான் சொல்லுவார்கள். ஒரு காலத்தில் லண்டன் ஆற்றில் கூலிச் சண்டையில் மாலுமிகள் தங்கள் கப்பல்களின் பாயை இறக்கிப்போட்டு, ஒரு கப்பலையும் நகரவிடவில்லை. கரையில் வேலை செய்கிறவர்கள் அவர்களைப் பார்த்து அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள்.

மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால், சாய்வெழுத்தில் பழைய அர்த்தம் கொடுத்திருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு அடி என்ற அர்த்தமே இல்லை. தடவுவது, நீவுவது, மெல்லப் போவது. அடி பிறகுதான் வந்து சேர்ந்தது. ஓரிடத்தில் பொடி எழுத்தில், தோல் தொழிலில் ஈரத்தோலை மழுங்கல் தகட்டால் நீவிச் சுருக்கம் எடுப்பதற்கும் ஸ்டிரைக் என்றே பெயர் என்றிருந்தது. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபது வருஷமாக மாமா செய்த வேலைக்கு இங்கிலீஷில் அதே பெயர் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சந்தோஷம் வரவில்லை. பயம்தான் ஜாஸ்தியானது. அந்தப் பக்கத்தில் அடிப்பது என்ற அர்த்தம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது; வேலைநிறுத்தம் எங்கோ கீழே கிடந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் இதே புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தால் போதும்.

விசாரணையன்று விடியற்காலையிலேயே அக்காவும் நானும் பஸ் ஏறினோம். பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லவில்லை. கோர்ட்டு வராந்தாவில் ஒரு சேவகன் எங்களைச் சுவரோரம் தள்ளி நிற்கச் சொன்னான். கூப்பிட்டபோது நான் உள்ளே போனேன். அக்கா வாசல்படியை ஒட்டி நின்றுகொண்டாள்.

மாஜிஸ்டிரேட் தமிழர், மூக்குக்கண்ணாடி, சிடுசிடுப்பான முகம். துரை முதலில் சாட்சி சொன்னான். இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டிரைக் என்று சொன்னார், பின்னால் ஆட்கள் நின்றார்கள், என் உயிருக்கு ஆபத்து என்று நினைத்தேன் என்றான். அவன் குரல் கொஞ்சம் நடுங்கியது. அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது எனக்கு இன்னும் கலக்கத்தைக் கொடுத்தது. பொய்யை உடைக்கலாம். பயத்தை என்ன செய்வது?

பிறகு நான் ஏறினேன். எங்கள் வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னேன். மாமா என்னிடம் கேட்டது வேலைநிறுத்தத்துக்கான சொல். நான் கொடுத்ததும் அதற்குத்தான். மாலுமிகளைப் பற்றிச் சொன்னேன். தோல் நீவும் அர்த்தத்தைச் சொல்லத் தொடங்கியபோது மாஜிஸ்டிரேட் கையைக் காட்டி நிறுத்தினார். "இது பள்ளிக்கூடம் இல்லை. இத்தனை அர்த்தத்தில் இந்த மனிதர் சொன்னது எது? அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்."

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் புத்தகம் எதையும் கொண்டுவரவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"இந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு, இதற்கு அடிப்பது என்ற அர்த்தமும் உண்டு என்று அவரிடம் சொன்னீரா?"

அக்கா குழம்புக் கரண்டியோடு சிரித்தது என் கண்ணில் வந்து நின்றது. அந்த வீட்டில் அன்று நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். இல்லை என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. வாசலில் அக்கா இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தியம் செய்து ஏறிய கூண்டு அது.

"சொன்னேன்" என்றேன்.

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் காகிதங்களைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். நான் இறங்கும்போது மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

மாஜிஸ்டிரேட் அவர் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. எந்த அர்த்தத்தில் சொன்னாய்?"

எங்கள் வக்கீல் எழுவதற்குள் மாமா பேசிவிட்டார்.

"வேலைய நிறுத்தறோம்னுதாங்க சொன்னேன். அடிக்கணும்னு தோணலியான்னு கேட்டா, தோணுச்சுங்க. அந்தப் பையன தொட்டியிலிருந்து தூக்கினப்போ தோணுச்சு. அரைநாள் கூட இல்லன்னு சொன்னப்பவும் தோணுச்சு. ஆனா அத சொல்றதுக்கு நான் இங்கிலீஷ் கத்துக்கல. அடிக்கறதா இருந்தா வாயால சொல்லிக்கினு நிக்க மாட்டேங்க."

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிஷம் தயங்கினார். மாஜிஸ்டிரேட் "ஒன்றையும் விடாமல் சொல்லும்" என்றார். அவர் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரை தன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான். தொட்டியிலிருந்து தூக்கியது இவர்தான் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை போல. அந்த இடம் வந்தபோது அவன் கை நின்றது. முதல்முறையாக மாமாவின் கால்களைப் பார்த்தான்.

மாஜிஸ்டிரேட் அவனை மீண்டும் கூண்டுக்கு அழைத்தார். அந்த வார்த்தைக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.   நான் துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டுமாரோ என்றார்" என்றான் அவன். "அது முக்கியம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் சார் என்றும் சொன்னார்."

"இரும்பை ஓங்கினாரா?"

"கையில் இருந்தது. ஓங்கினார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது."

மாஜிஸ்டிரேட் பேனாவை வைத்தார். "நாளைக்கு அடிக்கிறேன் ஐயா என்று மரியாதையாக முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஆளை நான் இந்த உத்தியோகத்தில் பார்த்ததில்லை" என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாஜிஸ்டிரேட் மறுபடி பேனாவை எடுத்தார். மாமாவை விடுதலை செய்து எழுதினார்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா மாமாவின் பக்கத்தில் போனாள். குனிந்து அவர் காலைப் பார்த்தாள். "சீழ் வெச்சிருக்குது" என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வரைக்கும் மாமா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "அந்தக் கப்பல்காரங்க கதை சொன்னியே மச்சான். கடைசியில அவங்க கேட்டது கெடைச்சுதா?"

அகராதியில் அது போடவில்லை என்றேன். "அதையில்ல மொதல்ல போட்டிருக்கணும்" என்றார்.

ஷாப்பில் ஆட்கள் அந்த வாரக் கடைசியில் வேலைக்குத் திரும்பினார்கள். சுண்ணாம்புத் தொட்டி ஓரங்களில் கல் பதித்து, பிடித்து நிற்க மரக்கட்டை அடிக்க முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். மாமாவை மட்டும் உள்ளே விடவில்லை. அவரும் போய்க் கெஞ்சவில்லை. வாணியம்பாடியில் ஒரு ஷாப்பில் இடம் கிடைத்து, அக்காவும் அவரும் சட்டி பானையோடு கிளம்பிப் போனார்கள். செத்துப்போனவனின் மனைவியையும் அக்கா தன்னோடு அழைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு வேறு போக்கிடம் இல்லை. துரை மழைக்காலத்துக்கு முன்பே மதராசுக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

மேனேஜர் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஒடுகத்தூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்த மிஷனின் ஆரம்பப் பள்ளிக்கு மாற்றினார். ஓலைக் கொட்டகை, மண் தரை, சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. நான் போய்ச் சேர்ந்த அன்று பிள்ளைகள் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பள்ளியில் இங்கிலீஷ் கிடையாது. நான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்.